ஹோபர்ட் கொடுத்த கடிதம்

அந்த வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு வில்மா ரேட்லிஃபின் அடுக்களையில் இருந்தவர்கள்: வில்மா, பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருபத்தாறு வருடம் தவலை தூக்கி முதுகைத் தொலைத்தவள். அவளுடைய மகள் ரெனி, இருபத்தொன்பது வயது, ஆம்புலன்ஸில் வேலை. மகன் டென்வர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவன், கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வண்டியை நேராக வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். டாக்டர் ஹோபர்ட் சேலியர், வில்மாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் படித்தவர். மேசைக்கடியில் நாய். மேசைமேல் ரெனியின் லேப்டாப், திறந்தபடி. வீட்டில் சரியான நேரம் காட்டியது அது ஒன்றுதான் என்பதால் அதையும் ஆள் கணக்கில் சேர்க்கலாம்.

ஏப்ரல் முப்பது. மாலை ஐந்துக்குள் ரெனி ஒரு மருத்துவக் கல்லூரியை வைத்துக்கொண்டு இன்னொன்றை விட வேண்டும். விடும் இடத்துக்காக எங்கோ இன்னொருவன் இதேபோல ஒரு திரையை வெறித்துக்கொண்டிருப்பான்.

அவள் கையில் இருந்தவை இரண்டு. ஒன்று நாற்பது நிமிடத்தில் போய்விடக்கூடிய கல்லூரி; படித்து முடித்தால் பெயருக்குப் பின்னால் மற்ற டாக்டர்களைப் போல எம்.டி. என்று போட்டுக்கொள்ளலாம். ஊரில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. தினமும் வீட்டிலிருந்தே போய் வரலாம். இன்னொன்று மிசௌரியில், காரில் ஒன்பது மணி நேரம். அது ஆஸ்டியோபதிக் கல்லூரி. அங்கே கிடைப்பது டி.ஓ. அவர்களும் அதே மருந்தைத்தான் எழுதுவார்கள், அதே கத்தியைத்தான் எடுப்பார்கள், அதே உரிமத்தைத்தான் சுவரில் மாட்டுவார்கள். கூடுதலாக இருநூறு மணி நேரம் எலும்பையும் தசையையும் கையால் தொட்டு அறியப் படிப்பார்கள், அவ்வளவுதான். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரி ரெனியைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டுவிட்டு மறந்துபோனது.

அவர்கள் ஊரான கேனி ஃபோர்க்கில் இதைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் கிடையாது. எம்.டி. கிடைத்தவள் டி.ஓ.வுக்குப் போக மாட்டாள். வீட்டில் இருக்க முடிந்தவள் வெளியே போக மாட்டாள். இரண்டும் ஒரே பக்கம் கை காட்டும்போது இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"யோசிக்க என்னடி இருக்கு?" என்றாள் வில்மா. பீன்ஸ் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "நிஜ டாக்டர் ஆவறதுக்கு ஒரு எடம் கெடச்சிருக்கு. கண்ண மூடிக்கிட்டு அமுக்கு."

"அப்ப இங்க உக்காந்து ரெண்டாவது துண்டு கேக் சாப்பிடறவர் யாரு?" என்றான் டென்வர்.

"அவன் டாக்டர் இல்லடா. ஹோபர்ட்."

ஹோபர்ட்டின் பெயருக்குப் பின்னால் இருந்ததும் அந்த டி.ஓ.தான். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. உலர்ந்த ஆப்பிள் வைத்து அடுக்கிய கேக்கின் கடைசி ஓரத்தை விரலால் ஒற்றி எடுத்தார். எழுந்து போய்க் குழாயில் வெந்நீரைத் திறந்து, கை சிவக்கும்வரை காட்டிக்கொண்டிருந்தார்.

"படு வில்மா. பேசறத படுத்துக்கிட்டே பேசலாம்."

வியாழக்கிழமை அவருடைய கிளினிக் மதியத்தோடு மூடும். அதற்குப் பிறகு இந்த அடுக்களை. டென்வர் லேப்டாப்பைத் தூக்கிக் குளிர்சாதனப் பெட்டிமேல் வைத்தான். ரெனி மேசையைத் துடைத்து ஒட்டுத்தையல் போர்வையை நான்காக மடித்து விரித்தாள். வில்மா நாற்காலிமேல் கால் வைத்து ஏறி, முனகிக்கொண்டே குப்புறப் படுத்தாள். சற்றுமுன் சோள ரொட்டி இருந்த இடத்தில் இப்போது அவள் இடுப்பு இருந்தது.

"நாலு இருபது," என்றான் டென்வர், பெட்டியை அண்ணாந்து பார்த்து.

டாக்டர் உள்ளங்கையை அவள் விலா ஓரத்தில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். பார்ப்பவர்களுக்கு அவர் எதுவும் செய்யாததுபோல் இருக்கும். ரெனிக்குத் தெரியும், எந்த இடம் அசையவில்லை என்று அவர் காத்திருந்து பார்க்கிறார். அவளுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆம்புலன்ஸில் ஒன்பது வருடம்; ஓய்வு நாட்களில் வீட்டிலிருந்தே படித்துப் பட்டம் வாங்கியிருந்தாள். கனத்த கோட்டுக்கு மேலாகவே கை வைத்து எந்த விலா உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள்; முக்கால்வாசி சரியாக இருக்கும். தொட்டுக் கண்டுபிடிப்பதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்ததால் யாரிடமும் சொன்னதில்லை.

"ரெனி," என்றார் டாக்டர், கையை எடுக்காமலே. "உங்கம்மா சொல்றது சரிதான். பக்கத்துலயே சேரு."

"நீங்களுமா டாக்டர்?"

"முப்பத்தாறு வருசமா அந்த ரெண்டு எழுத்துக்கு அர்த்தம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. கல்யாண வீட்ல சொல்லியிருக்கேன். பிளேன்ல பக்கத்து சீட்காரன்கிட்ட சொல்லியிருக்கேன். ஒருத்தனுக்குக் கால் எலும்ப வச்சுக் கட்டிக்கிட்டிருக்கும்போதே சொல்லியிருக்கேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவன், 'நிஜ டாக்டர் எப்ப வருவார்?'ங்கறான்."

"அந்தாளு கேட்டதுல என்ன தப்பு?" என்றாள் வில்மா, போர்வையில் முகம் புதைத்தபடி. பிறகு, "ஆ... அங்கதான். அங்கேயேதான். விட்டுடாத."

டென்வர் சிரித்தான். ரெனி சிரிக்கவில்லை. மேசை துடைத்த துணியை மடித்து வைத்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். அந்தக் கடிதத்தப் பத்தி."

ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் ஒரு டி.ஓ.விடமிருந்து பரிந்துரைக் கடிதம் கேட்கும். ஹோபர்ட் கொடுத்தார். எழுதியவர் என்ன எழுதினார் என்று படித்துப் பார்க்கமாட்டேன் என மாணவர் கையெழுத்துப் போடுவது அங்கே வழக்கம், ரெனியும் போட்டாள். இரண்டு வகைக் கல்லூரிகளுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி இணையதளம். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வந்து இதே மேசையில் உட்கார்ந்து அனுப்பியபோது, எந்தக் கடிதம் எங்கே போக வேண்டும் என்ற கட்டங்களில் எல்லாவற்றிலும் டிக் அடித்துவிட்டாள். டி.ஓ.வுக்கென்று எழுதிய கடிதம் எம்.டி.க்கும் போனது.

"நேர்காணல்ல மூணு பேர் உக்காந்திருந்தாங்க," என்றாள் ரெனி. "நடுவுல இருந்த அம்மா அத சத்தமா வாசிச்சாங்க. 'இந்தப் பெண் நல்ல ஆஸ்டியோபதி டாக்டராக வருவாள். வேறு எதுவாக ஆனாலும் கொஞ்சம் வீண்தான்'னு."

"நான் எழுதினதுதான்," என்றார் டாக்டர்.

"'அப்புறம் இங்க எதுக்கு வந்த?'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

ரெனி சுவரில் தொங்கிய வாணலியைப் பார்த்தாள். "அவரு வயசானவரு, யார் கேட்டாலும் இதே கடிதத்தத்தான் எடுத்துக் கொடுப்பாருன்னு சொன்னேன். மலைப்பக்கத்து டாக்டர் அப்படித்தான்னு சொன்னேன். மூணு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ரெண்டே வாரத்துல எடம் கொடுத்துட்டாங்க."

டாக்டரின் கை வில்மாவின் முதுகில் ஒரு கணம் நின்றது. மறுபடி நகர்ந்தது.

"சரியாத்தான் சொல்லியிருக்க," என்றார். "என் வாழ்நாள்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் கடிதம் எழுதியிருக்கேன். அப்ப எல்லாருக்கும் அதே கடிதம்தான்."

டென்வர்கூட சிரிக்கவில்லை. நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"என்னை இறக்கிவிடு ஹோபர்ட்."

"இன்னும் முடியல வில்மா."

"இறக்கிவிடுன்னேன்."

வில்மா புரண்டு எழுந்து மேசை விளிம்பில் உட்கார்ந்தாள். கன்னத்தில் போர்வைத் தையலின் கோடு. முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"என்ன தைரியம்டி உனக்கு?"

"அம்மா..."

"இவன டாக்டர் இல்லன்னு நான் சொல்லலாம். நாப்பது வருசமா சொல்லிக்கிட்டிருக்கேன். இவன் மூஞ்சிக்கு முன்னாடி சொல்றேன், சோறு போட்டுட்டுச் சொல்றேன். டை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கற யாரோ மூணு பேருகிட்ட போய் நீ எப்படிடி சொல்லலாம்? உங்கப்பா ரெண்டு மாசம் மூச்சு விட முடியாம கெடந்தப்ப ராத்திரி பகல்னு வந்து விலாவப் புடிச்சு மூச்ச எறக்கிவிட்டது யாரு? அந்த மூணு பேரா?"

"வில்மா, விடு. அவ ஒரு சீட்டுக்காகச் சொன்னா," என்றார் டாக்டர். காது நுனிவரை சிவந்து, ஏற்கெனவே கழுவிய கையை மறுபடி கழுவப் போனார்.

"நாலு நாப்பத்தொண்ணு," என்றான் டென்வர் மெதுவாக.

ரெனி நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபத்தில் பேசினால் அவளுக்குக் குரல் தணியும். இப்போதும் தணிந்தது.

"அதத்தான்மா மூணு மாசமா நானும் எனக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன். அந்தக் காலேஜ்ல எந்தத் தப்பும் இல்ல. தங்கமானவங்க. ஆனா அங்க நான் செஞ்ச முதல் வேலை இவரப் பத்திப் பொய் சொன்னது. சொன்னா சீட் கெடைக்கும்னு தெரிஞ்சே சொன்னேன். இனிமே சும்மா ஊர் வாய்க்குப் பயந்தே சொல்லிக்கிட்டிருப்பேன். எனக்கு வேணுங்கறது மிசௌரி. கையால தொட்டுப் படிக்கணும். அத நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்கத்தான் செய்வோம்," என்றான் டென்வர். "அதுக்காகப் போகாம இருந்துடுவியாக்கா?"

"ஒம்பது மணி நேரம்," என்றாள் வில்மா. கோபம் இறங்கி அங்கே வேறொன்று தெரிந்தது. அவளுக்கு எம்.டி.யும் டி.ஓ.வும் எப்போதும் ஒரு பொருட்டாக இருந்ததில்லை என்று ரெனிக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவுக்குக் கணக்கு ஒன்றுதான்: நாற்பது நிமிடமா, ஒன்பது மணி நேரமா.

டென்வர் லேப்டாப்பை இறக்கி மேசையில், அம்மாவின் தொடைக்குப் பக்கத்தில் வைத்தான். ரெனி பக்கத்துக் கல்லூரியின் இணையதளத்தைத் திறந்து, 'இடத்தை விட்டுக்கொடுக்கிறேன்' என்பதை அமுக்கினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாக என்று அமுக்கினாள். நாலு ஐம்பத்திரண்டு.

வில்மா மறுபடி குப்புறப் படுத்துக்கொண்டாள். "முடி ஹோபர்ட்," என்றாள்.

ஜூலைக் கடைசியில் ரெனி கிளம்பினாள். டாக்டர் நோயாளிகளைப் படுக்கவைக்கும் தன் பழைய மடக்கு மேசையைக் கொண்டுவந்து போட்டிருந்தார். அங்கே பழகிப் பார்க்க உதவும் என்று சொல்ல வாயெடுத்து, "எனக்கு இது எடத்த அடைக்குது," என்றுதான் சொன்னார். டென்வர் அதைக் காரின் கூரையில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தான், செருப்பில்லாமல், காலுறையோடு. முந்தின நாள் மாலை அவன் முன்கதவில் பூட்டோரமாக எண்ணெய் அடித்துக்கொண்டிருந்தான். கீல் கத்துகிறது என்றான். கீல் கத்தி ரெனி கேட்டதில்லை.

வில்மா வெண்ணெய் டப்பாவில் பீன்ஸும், காகிதத்தில் சுற்றிய சோள ரொட்டியும் கொடுத்தாள்.

"பத்தொம்பது நாள்," என்றாள்.

"என்னம்மா?"

"பத்து வருசத்துக்கு முன்னாடி காலேஜ் போனியே. பத்தொம்பதாவது நாள், ஒரு சனிக்கெழம, பையோட வந்து நின்ன. கதவு தொறந்து கெடந்துச்சு. நான் எதுவும் கேக்கல. தட்டப் போட்டு பீன்ஸ ஊத்தினேன்."

"ஞாபகம் இருக்கு."

"அன்னைக்குப் பாசமா இருக்கேன்னு நெனச்சேன். நீ வந்ததுல எனக்குச் சந்தோஷம், அவ்வளவுதான். அதுக்கு நீ பத்து வருசம் கொடுத்த."

டப்பா கையில் சுட்டது.

"கிறிஸ்துமஸுக்கு வா. வியாழக்கெழம போன் பண்ணு, ஹோபர்ட்டும் இருப்பான். அதுக்கு முன்னாடி வந்தா கதவு பூட்டியிருக்கும்."

"இந்தக் கதவுக்குச் சாவியே கெடையாதும்மா."

வில்மா ஏப்ரன் பையிலிருந்து ஒரு கறுத்த சாவியை எடுத்துக் காட்டினாள். "பட்டன் டப்பாவுல கெடந்துச்சு," என்றாள். பிறகு மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கன்னத்தில் அழுத்தி முத்தம் கொடுத்து, தோளைத் திருப்பிப் படிப்பக்கம் தள்ளிவிட்டாள்.

ரெனி மூன்று படியும் இறங்கினாள். காரின் கதவில் கை வைத்தபோது திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பின்னால் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அம்மா!" என்று கத்தினான் டென்வர். "நான் வெளிய இருக்கேன்! என் பூட்ஸ் உள்ள இருக்கு!"

பூட்டுக்குள் சாவி நுழைந்தது. முதல் தடவை பிடிக்காமல் சுற்றியது. இரண்டாவது தடவை பிடித்தது. தாழ் உள்ளே போய் விழுந்தது.