ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன விண்ணப்பம்

“கப்பல்லயா? யப்பா, என் ஃபாரத்தைக் கப்பல்லயா குடுத்து விட்டீங்க?”

“பொறவு? தபால்ல போட்டா நூறு கை மாறும். இது ஒரே கை. போன வாரமே நானே தோணியில கொண்டுபோயி கப்பல் ஆபீசர் கையில குடுத்தேம்ளா. லண்டன் போற கப்பல்.”

“முப்பத்தொண்ணாந் தேதி கடைசி நாளு! இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு!”

சுவருக்கு இந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஜெயபாய் அரிவாள்மணையை ஒதுக்கிவைத்தாள். சண்டை இந்தச் சுருதிக்கு ஏறிய பிறகு சுவர் வழியாகக் கேட்டால் விவரம் விட்டுப்போகும். உறைமோர் கேட்கிற சாக்கில் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டிலும் மோர் இருந்தது, அது வேறு விஷயம்.

ஜேசுபாதம், தண்டல். அதாவது, கரையிலிருந்து ஐந்து மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியின் தலைவர். கடல்வழி போகாத எதையும் அவர் நம்புவதில்லை. மகள் செலஸ்தீனா எம்.ஏ. பொருளாதாரம். அது போதாதென்று, உதவித்தொகையோடு மேல்படிப்புக்கு இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதியிருந்தாள். படிப்பின் பெயர் சர்வதேச அரசியல் பொருளாதாரமும் வளர்ச்சியும். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பெண்ணுக்கு வயதாகிவிடும் என்பது ஜெயபாயின் கருத்து. புன்னைக்காயலில் அவளுடைய அண்ணன் மகன் ஒருவன், விசைப்படகும் மீசையுமாக, இந்தப் பெண்ணுக்காகவே காத்திருந்தான். தண்டலின் பேச்சு இதுதான்: இடம் கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் வைகாசியில் கல்யாணம்.

ஆகவே உள்ளே நுழைந்தபோது ஜெயபாயின் முகத்தில் அனுதாபம் இருந்தது. மனசுக்குள் பந்தல் போட்டாகிவிட்டது.

“இருவது நாள்ல போயிரும்ளா. நான் பாக்காத கப்பலா?”

“அது அந்தக் காலம். அறுபத்தேழு சண்டையில கால்வாயை அடைச்சு ஆறு வருசம் தாண்டியாச்சு.”

“எந்தக் கால்வாயி?” என்றாள் ஜெயபாய். “உப்பளத்துலயா?”

செலஸ் அழவில்லை. அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்து சிமெண்டுத் தரையில் கோடு இழுத்தாள். இது தூத்துக்குடி. இது சூயஸ். இரண்டு பக்கமும் பட்டாளம் நிற்பதால் கப்பல் போக வழியில்லை. கரி கீழே இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. அம்மியைத் தாண்டி, ஆப்பிரிக்காவின் அடியைச் சுற்றி வளைந்து, மறுபடி ஏறி, வாசற்படியில் போய் நின்றது.

“இங்கன இருக்கு லண்டன்.”

ஜெயபாய் காலை இழுத்துக்கொண்டாள். அட்லாண்டிக்கில் நின்றிருந்தாள்.

தண்டல் கோட்டருகே குத்தவைத்து உட்கார்ந்தார். முப்பது வருஷமாகக் கப்பலின் வயிற்றை நிரப்பி அனுப்பியவர், அது எந்த வழியாகப் போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டு வாசற்படி வரை நகர்ந்தார்.

“தப்புப் பண்ணிட்டேன்ளா,” என்றார் மெல்ல. “அப்பம் நம்ம நிலாவாரை மூடையும் இப்படிச் சுத்தித்தானா போகுது?”

நிலாவாரை என்றதும் ஜெயபாய்க்குச் சுருக்கென்றது. வெள்ளைக்காரர்களின் மலச்சிக்கலைத் தீர்க்கும் இலை அது. ஏற்றுமதிக் கிட்டங்கியில் காம்பு நீக்கி இலை பொறுக்குவது அவள் வேலை. கார்த்திகையில் மேனேஜர் கூடைக்கு ரெண்டு பைசா குறைத்தார். கப்பல் கூலி ஏறிவிட்டது என்றார். பொய் சொல்கிறார் என்று அவரை ஏழு தெருவுக்கும் நாறடித்தவள் இவள்தான்.

“சுத்துவழி ஒருபக்கம் மாமி, இப்பம் கப்பலுக்கு ஊத்துற எண்ணெ விலையும் ஏறிட்டு. கூலி ஏறாம என்ன செய்யும்?”

“ஏளா, அங்கன எவனோ சண்ட போட்டதுக்கா என் கூடையில ரெண்டு பைசா போச்சு?”

“ஆமா. அது எப்படி நடக்குன்னுதான் படிக்கணும்னு எழுதியிருந்தேன்.”

ஜெயபாய் அந்தக் கரிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதா கோயில் கொடியேற்றத்தில்கூட அவளுக்கு இப்படி மெய் சிலிர்த்ததில்லை. உலகம் இவ்வளவு பெரிது என்று பயமாக இருந்தது. அதற்குள் தன் கூடையும் இருக்கிறது என்பது அதைவிடப் பயமாகவும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பேர் தெரியாத ஒரு பட்டாளத்துக்காரன், எங்கோ மணலில் நின்றபடி, தூத்துக்குடியில் இருக்கும் தன் மடிக்காசில் கை வைத்திருக்கிறான்!

“இன்னைக்கே ஏர்மெயில்ல ஒரு காயிதம் போடப் போறேன்,” என்றாள் செலஸ். “ஃபாரம் எங்க சுத்துது, ஏன் சுத்துதுன்னு. உங்க கூடை விவரம் சொல்லுவீங்களா மாமி? என்னைக்குக் கொறச்சாங்க, முந்தி எம்புட்டு?”

ஜெயபாய் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சொன்னால் பெண் பறந்துவிடும். சொல்லாவிட்டால் வைகாசியில் புன்னைக்காயல்.

“என் பேரு போடுவியா?”

“போடுவேன்.”

“இனிஷியலோட?”

“இனிஷியலோட.”

“அப்பம் எழுது.” தேதி, கிழமை, மேனேஜர் அன்று போட்டிருந்த சட்டையின் நிறம் உட்பட எல்லாவற்றையும் சொன்னாள்.

விண்ணப்பம் மார்ச்சில் சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தது. கடிதத்தைப் படித்தவர்கள் அதற்காகக் காத்திருந்தார்களாம். இடமும் உதவித்தொகையும் கிடைத்து, செப்டம்பரில் செலஸ் போனாள். அண்ணன் மகன் அதற்கு முன்பே, வைகாசி தவறாமல், மணப்பாட்டில் பெண் எடுத்துவிட்டான். பெண்ணைக் கைநழுவ விட்ட கோபத்தில் ஜெயபாயின் அண்ணன் மட்டும் மூன்று வருஷம் தங்கச்சி வாசலை மிதிக்கவில்லை. செலஸ் படிப்பு முடிந்து டார் எஸ் சலாமுக்கு வேலைக்குப் போய், எழுபத்தெட்டில் கூடப் படித்த தான்சானியாக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். கல்யாண போட்டோவைத் தண்டலுக்கும் முன்னால் பார்த்தவள் ஜெயபாய். கவரைப் பிரித்தது யார் என்று அவளிடம் கேட்கக் கூடாது.