செவ்வந்தி தைத்த அளவு

காலர் தைப்பதில் மதிவதனியை மிஞ்ச ஆளில்லை என்று கருமத்தம்பட்டி பனியன் கம்பெனியில் எல்லாரும் சொல்லிச் சொல்லியே செவ்வந்திக்கு வயிறு எரிந்தது. அந்த மாதம் அதிகம் தைப்பவருக்கு மேடையில் வைத்துக் குக்கர் கொடுப்பதாக முதலாளி அறிவித்ததும் அவள் தண்ணீர் குடிப்பதையே விட்டாள். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போனால் மதிவதனி முந்திவிடுவாள்.

ஜெயித்தாள். குக்கரோடு போட்டோ எடுத்தார்கள். கை தட்டியவர்களில் மதிவதனியும் இருந்தாள்.

மறுநாள் காலை, செவ்வந்தி தைத்த அளவுதான் இனி எல்லாருக்கும் டார்கெட் என்று மைக்கில் சொன்னார்கள்.

"ஏனுங்க அம்மணி, இப்பச் சந்தோசமுங்களா?" என்றாள் மதிவதனி, பக்கத்து மிஷினிலிருந்து.

அதன்பிறகு கம்பெனி பஸ்ஸில் யாரும் செவ்வந்திக்கு இடம் போட்டு வைக்கவில்லை. மத்தியானம் குழம்புக் கிண்ணம் அவள் பக்கம் நகரவில்லை. டார்கெட்டை எட்ட முடியாமல் மதிவதனி வேலையை விட்டே போனாள்.

தண்ணீர் காட்டாத உடம்பு சும்மா விடுமா? நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்து எழுந்து வந்தவளுக்குக் கை பழையபடி ஓடவில்லை. அதற்குள் சூப்பர்வைசரும் மாறியிருந்தார். புதியவருக்கு யார் முகமும் தெரியாது. சாயங்காலம் அவள் தைத்த கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வீசினார்.

"என்னுங்க அம்மணி, இவ்வளவுதானா? இதே லைன்ல செவ்வந்தின்னு ஒரு புள்ள தெச்சுச்சாமா. அதுக்கும் ரெண்டு கைதானுங்களே?"

அது இவள்தான் என்று சொல்ல, வரிசையில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.