ஏழாவது நிறுத்தத்தில் எலிக்குருவி

பத்மநாதன் கார் ஓட்டினால் சைக்கிள்காரன்கூட முந்திக்கொண்டு போய்விடுவான். ரவாங்கிலிருந்து கோலகுபு பாருவுக்கு மற்றவர்கள் முக்கால் மணி நேரத்தில் போவார்கள். அவருக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். நெடுஞ்சாலை அவருக்கு ஆகாது. வளைந்து வளைந்து போகும் பழைய சடக்கில்தான் போவார். செரண்டாவில் ஒரு கோப்பி, பத்தாங் காலியில் பொரித்த வாழைப்பழம், அதற்கப்பால் மரத்தடியில் ஒரு மலாய்க்காரர் விற்கும் இளநீர் என்று, எந்தக் கடையில் எத்தனை மணிக்கு எது சூடாக இறங்கும் என்பது அவருக்கு அத்துபடி. நில அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குமாஸ்தாவாக இருந்த மனிதர் ஓய்வு பெற்ற பிறகு மனப்பாடம் செய்துகொண்டது இதைத்தான்.

பக்கத்து இருக்கையில் அவர் மனைவி தவமணி. மடியில் தொலைநோக்கி, கையில் குறிப்பேடு. அவள் வருவது பறவைகளுக்காக.

"பெல்ட்டு போடு தவம். கார் கத்துது."

"எங்க கத்துது? அந்தச் சத்தம் எப்பவோ கெட்டுப் போச்சு. கடையில காட்டுங்கன்னு சொன்னா கேட்டாத்தானே."

பத்மநாதன் கையை நீட்டி அவளுக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டார்.

தவமணிக்கு இன்று மனம் சரியாக இல்லை. பறவைச் சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாதையை ஒதுக்கியிருக்கிறார்கள். பிரேசர் மலைக்கு ஏறும் பழைய பாதை பன்னிரண்டு வருடமாக அவளுடையது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும். பத்து இடத்தில் நின்று, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். ஒரு பறவை தொடர்ந்து மூன்று முறை கேட்காமலும் கண்ணில் படாமலும் போனால், அந்தப் பாதையில் அது இல்லை என்று சங்கம் பெயரை எடுத்துவிடும். அந்தப் பாதையில் எலிக்குருவி கேட்கும் ஒரே இடம் ஏழாவது நிறுத்தம்; அங்கே அது இரண்டு முறையாக இல்லை. இன்று மூன்றாவது முறை.

எலிக்குருவி என்பது அவள் வைத்த பெயர். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், வாலே கிடையாது. பாசி படிந்த ஈரப் பள்ளத்தில் எலி மாதிரி ஓடும். அதைப் பார்த்தவர்கள் குறைவு, கேட்டவர்கள்தான் அதிகம். மெல்லிய விசில் மூன்று, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நல்ல இடைவெளி. கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் இயந்திர இரைச்சலுக்கு நடுவே மேற்பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்த வருடம், யாருடைய உதவியும் இல்லாமல் அவளாகக் கண்டுபிடித்த முதல் பறவை அது. அன்றைக்கு அந்த ஈரப் பள்ளத்தின் அருகே உட்கார்ந்து அவள் அழுதிருக்கிறாள். பத்மநாதனிடம் கண்ணில் பூச்சி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள்.

கோலகுபு பாருவில் எல்லோரும் மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடும் சல்மாவின் கடையில் தேங்காய்ப்பால் சோறும் காரச் சம்பலுமான நாசி லெமாக் வாங்காமல் மலை ஏறியதாகச் சரித்திரமே கிடையாது. மலாய்ப் பெண்மணி, வயது எழுபது, வாய்க்கு மட்டும் வயதாகவில்லை.

"வந்துட்டாருய்யா என் மாப்பிள்ளை," என்றாள் சல்மா மலாயில், வாழையிலையில் சோற்றை வைத்துக்கொண்டே. "உன் பொண்டாட்டி குருவி பாக்குறா. நீ எதைப் பாக்குற?"

"உங்க சம்பல பாக்கத்தான் மக்சிக் இம்புட்டு தூரம் வரேன்."

"பொய் சொன்னாலும் அழகாச் சொல்றான் பாரு. இந்தா, நெத்திலி கூடுதலா வச்சிருக்கேன்." தவமணியைப் பார்த்து, "நீ ஏம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றாள்.

"ஒரு குருவிக்காகக் கவலைப்படுறா," என்றார் பத்மநாதன். "எனக்கு ஒடம்பு சரியில்லன்னாகூட இப்படி இருக்க மாட்டா."

தவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகத்தான் அவர் சொன்னார்.

அணையைத் தாண்டியதும் காடு சாலையின் இரண்டு பக்கமும் நெருங்கி வந்துவிட்டது. பனி மரங்களின் இடுப்பளவுக்கு நின்றது. எங்கோ மேலே சியாமாங் குரங்குகள் தொண்டையை உப்பிக்கொண்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன. வளைவு ஒன்றில் பத்மநாதன் சட்டென்று ஓரமாக நிறுத்தினார். இருவாட்சிகள் இரண்டு, பள்ளத்தாக்கின் குறுக்கே பறந்துபோயின. இறக்கைச் சத்தம் காருக்குள் வரை கேட்டது. இரண்டு பேரும் அவை கண்ணுக்கு மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை தடவை பார்த்தால் என்ன, இருவாட்சி இருவாட்சிதான். பின்னால் வந்த லாரிக்காரனும் ஹாரன் அடிக்காமல் நின்று பார்த்துவிட்டுப் போனான். இந்தச் சாலையில் வருகிறவர்களிடம் அந்த நல்ல குணம் உண்டு.

முதல் ஆறு நிறுத்தமும் நல்லபடியாகப் போயின. பச்சைச் சட்டை, மஞ்சள் முகம், கறுப்புத் தொப்பி என்று பள்ளிக்கூட விழாவுக்குக் கிளம்பியது போல ஒரு பறவைக் கூட்டம் மூங்கிலில் வந்து உட்கார்ந்தது. தவமணி எண்ணினாள், பதினொன்று. எழுதிக்கொண்டாள்.

ஏழாவது நிறுத்தம் சின்ன மதகு ஒன்றின் அருகில். சென்ற வருடம் மழையில் மேலே மண் சரிந்து, சரிவைக் கம்பி வலை போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த வேலைதான் எலிக்குருவியை விரட்டியிருக்க வேண்டும் என்பது தவமணியின் முடிவு. மதகுக்குக் கீழே பள்ளம் மட்டும் பழையபடியே இருந்தது. பெரணியும் பாசியும் மண்டி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பத்மநாதன் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முதல் வருடம் அவர் நடுவில் "மணி என்னா?" என்று கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். அதோடு வாய்க்குப் பூட்டு. காகிதம் சரசரக்காமல் பொட்டலம் பிரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நெத்திலியைக்கூட சம்பலில் நன்றாக ஊறவிட்டுத்தான் வாயில் போடுவார், மொறுமொறுவென்று சத்தம் வரக் கூடாது என்று. மொறுமொறுப்புக்காகவே நெத்திலி சாப்பிடுகிற மனிதர் பன்னிரண்டு வருடமாக இதைச் செய்கிறார் என்றால், அது சின்ன விஷயமில்லை.

தவமணி கண்களை மூடிக்கொண்டாள். தண்ணீர் சொட்டுவது கேட்டது. தூரத்தில் குக்குறுவான் ஒன்று. எங்கோ மரங்கொத்தி தட்டியது. ஐந்து நிமிடம், ஏழு நிமிடம் என்று போனது. அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அந்த மூன்று விசிலுக்காகக் காத்திருந்தாள். பத்து நிமிடம் முடிந்து கைப்பேசி அவள் சட்டைப் பையில் அதிர்ந்தது.

அவள் பேனாவை எடுத்து 'இல்லை' என்று எழுதினாள். எழுத்து கோணலாகப் போனது.

"என்னா தவம், அழுவுறியா?"

"போயிருச்சுங்க. எலிக்குருவி போயிருச்சு. இனிமே இந்த மலையில அது கெடையாது."

"எலிக்குருவின்னா எது?"

பன்னிரண்டு வருடம் கூடவே வந்த மனிதர் கேட்கிற கேள்வியா இது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் உதட்டைக் குவித்து மூன்று விசில் அடித்துக் காட்டினாள், அதே இடைவெளி விட்டு.

பத்மநாதன் சோற்றுக் கையோடு அவளையே பார்த்தார். "அதுவா? இப்பக்கூடக் கத்திக்கிட்டுத்தானே இருக்குலா."

"வெளையாடாதீங்க. எனக்கு இப்ப அதுக்கு மனசு இல்ல."

"சத்தியமாச் சொல்றேன் தவம். கெட்டில்ல தண்ணி கொதிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால மெல்லிசா ஒண்ணு வருமே, அது மாதிரி. நான் பொட்டலத்தப் பிரிச்சா அது ஆரம்பிச்சிரும். போன தடவையும் கத்துச்சு, அதுக்கு முந்தின தடவையும் கத்துச்சு."

"கேட்டுச்சுன்னா ஏங்க சொல்லல?"

"நீதானே வாயத் தொறக்கக் கூடாதுன்னே?" என்றார் அவர், அப்பாவியாக. "அது மட்டுமில்ல, நீ கண்ண மூடித் தலைய ஆட்டுவே, எழுதுவே. எனக்கே கேக்குது, ஒனக்குக் கேக்காதான்னு நெனச்சேன்."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் அவளைச் சிரிக்க வைக்க எதையும் சொல்கிறவர்.

"சரி. இப்ப கத்துனா வெரலத் தூக்குங்க," என்றாள். "ஒரு சத்தத்துக்கு ஒரு தடவ."

இரண்டு பேரும் பள்ளத்தைப் பார்த்து நின்றார்கள். தவமணிக்குத் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. பத்மநாதன் சம்பல் ஒட்டிய ஆள்காட்டி விரலைத் தூக்கினார், இறக்கினார். நிறுத்தினார். மறுபடி தூக்கினார். இன்னும் ஓர் இடைவெளி. மூன்றாவது முறை தூக்கினார்.

அந்த இடைவெளியை யாராலும் இட்டுக்கட்ட முடியாது. அது அவளுக்கு ரத்தத்தில் ஊறியது. அவள் விசிலடித்துக் காட்டியதைவிட அவருடைய விரல்தான் சரியாக இருந்தது.

"மறுபடி," என்றாள். விரல் மறுபடி மூன்று முறை எழுந்தது. அவர் கை காட்டிய இடத்தில், பெரணிக்கு அடியில், பழுப்பாக ஒன்று எலியைப் போல ஓடி மறைந்தது. தொலைநோக்கியைத் தூக்கக்கூட நேரமில்லை. ஆனால் அவள் பார்த்துவிட்டாள். வால் இல்லை.

தவமணி மதகுச் சுவரில் உட்கார்ந்தாள். மலை எதையும் இழக்கவில்லை. இழந்தது அவள்தான். கார் கத்துவதும், கெட்டில் கத்துவதும், மகள் தொலைபேசியில் "அம்மா ஏன் கத்திப் பேசுறீங்க" என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு நினைவுக்கு வந்தன. இருபத்தெட்டு வருட இயந்திரம் உள்ளே உட்கார்ந்து, காதில் விழும் கூர்மையான சத்தங்களையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. ஆனாலும் எலிக்குருவி இருக்கிறது என்ற சந்தோஷம் அந்தத் துக்கத்தை முழுசாக இறங்கவிடவில்லை.

"எனக்குக் கேக்கலீங்க," என்றாள் மெதுவாக. அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பத்மநாதன் கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "காதுக்கு மெசின் வச்சுக்கலாம்லா. கண்ணாடி போடலையா, அந்த மாதிரிதான்."

"வேற என்னல்லாம் கத்துதுங்க?"

அவர் யோசித்தார். "பேரெல்லாம் எனக்குத் தெரியாதே. மூணாவது நிறுத்தத்துல தேங்கா துருவுற மாதிரி ஒண்ணு. அது ஒனக்குக் கேக்குது, எழுதினே. அஞ்சாவதுல வடைய எண்ணெயில போட்ட மாதிரி சொய்ங்குன்னு ஒண்ணு. அத நீ எழுதல. நாலாவதுல, ஊசிய வச்சுக் கண்ணாடியக் கீறின மாதிரி."

தவமணி அவரையே பார்த்தாள். பறவை ஒன்றின் பெயர்கூடத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. சோற்றுக்காக வருவதாகச் சொல்லிக்கொண்டு இந்த மனிதர் பன்னிரண்டு வருடமாக மலை முழுவதையும் காதில் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவள் போட்ட சட்டத்துக்காக. அவர்மேல் அவளுக்கு இவ்வளவு மரியாதை இதற்கு முன்பு ஒருநாளும் வந்ததில்லை.

குறிப்பேட்டைத் திறந்து, 'இல்லை' என்பதை அடித்தாள். 'ஒன்று' என்று எழுதினாள். 'பார்த்தவர்' என்ற கட்டத்தில் தன் பெயர். 'கேட்டவர்' என்ற கட்டத்தில் பத்மநாதன் என்று நிறுத்தி நிதானமாக எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"என் பேரையா எழுதுற? சங்கத்துல சிரிக்கப் போறாங்க. நான் சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அதையும் வேணா எழுதிருறேன். நாலாவது, அஞ்சாவதுக்கெல்லாம் எறங்கும்போது மறுபடி நிக்கணும்."

"அப்ப மலையத் தாண்டிப் போயி ரவூப்ல மீன் கறி சாப்பிடலாம்னு இருந்தது?"

"நாளைக்கு."

"நாளைக்கு அந்தக் கடை லீவு தவம்."

"அப்ப நாளான்னிக்கு. மலையில தங்கிக்கலாம். அங்க காலையில தோசை சூடா கெடைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

பத்மநாதன் நாற்காலியை மடக்கிக் காரில் வைத்தார்.

எட்டாவது நிறுத்தத்தில் நாற்காலி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். தவமணி குறிப்பேட்டை மடியில் விரித்து, கைப்பேசியில் பத்து நிமிடம் வைத்தாள். பத்மநாதன் வழக்கம்போல உதட்டை இறுக்க மூடிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்தார்.

அவள் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"ம். பேசுங்க."