ஹாலரன் கோப்பையும் ஒரு நொண்டிக் காலும்

ஆர்வோ நிஸ்கலா யாரையும் நம்புகிற ஆள் இல்லை. காபியில் பால் ஊற்றும் மனைவி ஹெல்வியின் கையைக்கூட ஓரக்கண்ணால் கவனிப்பார். "உங்களுக்கு உங்க நிழல் மேலயே சந்தேகம்" என்று ஏலக்காய் ரொட்டியைத் தட்டில் வைத்தபடியே அவள் சொல்லுவாள். அவரும் ரொட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கடிப்பார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் வெளியூர் ஐஸ் ஹாக்கி அரங்கம் ஒன்றில், வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த உள்ளூர் ஆசாமி, கோட்டைத் தொடாத வட்டுக்குக் கோல் என்று சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டான். அந்த ஒரே கோலில் கோல்கீப்பரான அவருக்கு ஹாலரன் கோப்பை கை நழுவியது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனையோ அடுப்பே இல்லாத வீட்டிலும் புகையைத் தேடிக்கொண்டிருந்தது.

ஹாலரன் கோப்பை கோல்கீப்பர்களுக்கென்றே உள்ளது. வடக்கு லீக்கில் எந்த அணி வருஷம் முழுக்க மிகக் குறைவாகக் கோல் வாங்குகிறதோ, அந்த அணியின் கோல்கீப்பர்கள் பெயரை வெள்ளியில் பொறிப்பார்கள். ஒவ்வொருவரும் இருபத்தைந்து ஆட்டமாவது வலையில் நின்றிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் நின்றாலும் அது ஓர் ஆட்டம்தான்.

ஆர்வோவுக்கு இது கடைசிப் பருவம். முழங்கால்கள் இரண்டும் விடைபெறத் தயாராகிவிட்டன. நடுக்குளிரில் தாடை உடைந்து ஆறு வாரம் கஞ்சி குடித்தவர், நின்ற ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். நவம்பரில் திடீரென்று வெக்கை அடித்து, ஐஸ் மேல் மூடுபனி எழும்பி, எதிரில் வருகிறவன் முகமே தெரியாமல் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திய அன்றும் வலையில் நின்றது அவர்தான். "கண்ணு தெரியாமலே ஏழு அடி தடுத்தேன்" என்று இன்னும் பீற்றிக்கொள்வார். அதையும் சேர்த்து நேற்றோடு இருபத்தைந்து. அவருடைய சட்பரி அணிக்கு இன்று ஞாயிறு மதியம் நார்த் பே அணியோடு கடைசி ஆட்டம். இரண்டு கோலுக்கு மேல் வாங்காவிட்டால் கோப்பை அவர்களுக்கு.

மாறி மாறி நிற்கும் முறைப்படி இன்று நிற்க வேண்டியவன் ஃபெர்னான் துகே. இருபத்திரண்டு வயது, அணியின் இரண்டாவது கோல்கீப்பர். காலையில் உடை மாற்றும் அறைப் பக்கம் போன ஆர்வோ, கோச் டூலியின் கதவு இடுக்கில் அவன் குரலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னிக்கு நான் வேணாம் கோச். பெரியவரையே நிக்கச் சொல்லுங்க."

"ஏண்டா, பயமா?"

"பயமில்ல. அந்தக் கோப்பை விஷயத்துல..."

அபசகுனம் விலக, மர மேஜையை டூலி மூன்று தரம் தட்டும் சத்தம் கேட்டது. "வாயைக் கழுவு! கடைசி நாள்ல அந்தப் பேரை எடுத்தா விளங்குமா? பேர் சொல்லித்தான் போன தடவை நாசமாப் போச்சு. போடா வெளியே!"

ஆர்வோவின் தலைக்குள் விளக்கு எரிந்தது, சிவப்பு விளக்கு. கடைசி நாளில், தன் முறையில், ஒரு இளவட்டம் ஏன் ஒதுங்குவான்? நார்த் பேக்காரன் போட்டுத் தாக்குவான். மூன்றாவது கோல் விழுந்தால் பழி யார் தலையில்? கிழவன் கெடுத்தான் என்பார்கள். அடுத்த வருஷம் வலை இவனுக்கு, கூடவே அனுதாபமும் இவனுக்கு. 'பால் முகம், பாம்பு மனசு' என்று பல்லைக் கடித்தார்.

ஆகவே டூலி வந்து, "பெருசு, நீ நிக்கிறியா இன்னிக்கு? பையன் என்னமோ இழுக்கிறான்" என்று கேட்டபோது பதில் தயாராக இருந்தது.

"அவன் முறை. அவனே நிக்கட்டும்."

சற்று நேரத்தில் ஃபெர்னானே வந்தான். கால் காப்பின் பட்டைகளில் பாதியைக் கட்டியிருந்தான், மீதி கையில் தொங்கியது.

"பெரியவரே, ஒரு விஷயம்..."

ஆர்வோ உதட்டில் விரலை வைத்தார். ஆட்ட நாளில் வலையில் நிற்கிறவனோடு யாரும் பேசக்கூடாது, அவனும் பேசக்கூடாது. அந்த அறையின் வேதம் அது. பத்து வருஷமாக அதைக் காத்துவந்தவரே ஆர்வோதான். மீறிப் பேசிய இருவர் முதுகில் அவர் மட்டை விழுந்த கதை சட்பரி முழுக்கத் தெரியும்.

"இன்னிக்கு நீ கோல்கீப்பர். போய் உக்காரு."

பையன் வாயைத் திறந்தான், மூடினான், போய்விட்டான். அறையில் எல்லோரும் பூட்ஸ் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மௌனமும் ஆர்வோவுக்குச் சதியாகவே பட்டது.

ஆட்டத்தில் ஃபெர்னான் சிங்கமாக நின்றான். அதுவும் ஆர்வோவுக்கு உறுத்தியது. இவ்வளவு ஆடத் தெரிந்தவன் காலையில் ஏன் ஒதுங்கினான்? கடைசிப் பகுதியில் சட்பரி நாலு, நார்த் பே இரண்டு. இனி ஒன்று விழுந்தாலும் கோப்பை போச்சு. பார்க்க வந்த உள்ளூர்ச் சுரங்கத் தொழிலாளிகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது ஃபெர்னான் சரிந்தான். யாரும் இடிக்கவில்லை. வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். இருவர் தாங்கி அழைத்துவந்தார்கள். வரும் வழியில் அவன் நொண்டியது இடது கால்.

ஆர்வோ அதைப் பார்த்துவிட்டார். இருபது வருஷம் கால்களையே பார்த்து வாழ்ந்த மனிதர்.

"பெருசு, இறங்கு!" என்றான் டூலி.

"முடியாது. அவனுக்கு ஒண்ணுமில்ல. நடிக்கிறான்."

"பெரியவரே, வாங்க" என்றான் ஃபெர்னான். முகமூடியைத் தூக்கியிருந்தான், கண் கலங்கியிருந்தது. "ஒரு நிமிஷம் நின்னாப் போதும். அப்புறம் நானே வந்துடறேன். அந்தக் கோப்பைக்கு..."

டூலி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினான். "சொல்லாதடா சனியனே! இன்னும் மூணு நிமிஷம்டா!"

"பெஞ்சில குளிர்ந்து கிடக்கிறவனை இறக்கி, விழற கோலை என் கணக்குல எழுதப் பாக்குறியா?" என்றார் ஆர்வோ. "நான் பொறந்தது நேத்திக்கு இல்ல தம்பி. நொண்டறதுன்னா ஒரே கால்ல நொண்டக் கத்துக்கோ."

நடுவர் விசிலை ஊதி அவசரப்படுத்தினார். ஃபெர்னான் ஒரு கணம் ஆர்வோவையே பார்த்தான். பிறகு முகமூடியை இறக்கிக்கொண்டு, நொண்டாமல் வலைக்குப் போனான்.

பெஞ்சில் ஆர்வோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஜெயித்த சுகம் இருந்தது. கடைசி நிமிஷத்தில் வந்த இரண்டு அடியையும் பையன் நெஞ்சில் வாங்கினான். மணி அடித்தது. கூரை பிய்ந்துபோகிற மாதிரி சத்தம். டூலி முதன்முறையாகக் கோப்பையின் பெயரைச் சொல்லி அழுதான்.

ஐஸ் மேல் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். லீக் செயலாளர் கோப்பையோடு வந்தார். ஆர்வோ தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டார். ஹெல்வி மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று கைதட்டினாள்.

"ஃபெர்னான் துகே!"

பையன் போனான். அடுத்த பெயருக்குக் காத்திராமல் ஆர்வோவும் கம்பளத்தில் காலை வைத்துவிட்டார். செயலாளர் கோப்பையைக் கொடுத்து, கைகுலுக்கி, ஒலிபெருக்கியை அணைத்தார்.

"இன்னொரு பேரு?" என்று கத்தினான் டூலி.

"நிஸ்கலா இருபத்துநாலுதானே? நவம்பர் மூடுபனி ஆட்டம் செல்லாது. தாடை உடைஞ்சு அவர் படுத்திருந்தப்ப அதைத் திரும்ப ஆடினீங்களே. அன்னிக்கு நின்னது துகே."

கம்பளத்தில் ஒரு காலும் ஐஸில் ஒரு காலுமாக ஆர்வோ நின்றார். பாதியில் நின்ற ஆட்டம் கணக்கில் வராது என்பது லீக்கில் பொடியனுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். தடுத்த ஏழு அடிகளையும் பீற்றிப் பீற்றி, அதை மறந்தே போயிருந்தார். எல்லோர் கணக்கையும் சந்தேகப்பட்டவர், தன் விரல்களை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

ஃபெர்னான் கோப்பையை நெஞ்சோடு அணைத்தபடி எதிரே வந்து நின்றான். பேச்சு வராமல் திணறினான். கோல்கீப்பரோடு பேசக்கூடாத நேரம் முடிந்துவிட்டது என்பது அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை போலிருக்கிறது.

ஆர்வோவே ஆரம்பித்தார்.

"முழங்கால் எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல பெரியவரே" என்றான். "நீங்க சொன்னது சரிதான். நடிச்சேன்."