மாப்பிள்ளைக்குச் சொன்ன யோசனை

சமையல் மாஸ்டர் அந்தப் பாலைவன நகரத்துக்குப் போன ஐந்தாவது வருஷம் தன் தங்கையின் கணவரையும் அங்கே வரவழைத்தார். தானாக அழைக்கவில்லை, தங்கை கேட்டாள். மாப்பிள்ளை ஒரு தனியார் பஸ்ஸில் பதினெட்டு வருஷம் கண்டக்டராக இருந்தவர். முதலாளி பஸ்ஸை விற்றதும் வேலை போய்விட்டது. தங்கை போனில் அழவெல்லாம் இல்லை. "காலையில குளிச்சிட்டு, பேன்ட் சட்டை போட்டு, ஷூவும் மாட்டிட்டு நாற்காலியில உக்காந்துடறாருண்ணே. அதைத்தான் பாக்க முடியல," என்று மட்டும் சொன்னாள்.

அது போதுமானதாக இருந்தது. மாஸ்டர் அப்போது ஒரு பெரிய உணவகத்தில் அடுப்புப் பக்கத்துக்கே தலைவர். முதலாளி அவர் பேச்சுக்குக் காது கொடுப்பார். கேட்டுப் பார்த்ததில் பாத்திரம் கழுவும் இடத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது. மாஸ்டர் எதையும் மறைக்காமல் மாப்பிள்ளையிடம் சொன்னார். தட்டு கழுவுகிற வேலைதான், ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் அடுப்புப் பக்கம் இழுத்துக்கொள்கிறேன் என்றார். "டிக்கெட் கிழிச்ச கை மச்சான். தட்டு கழுவினா தேஞ்சா போயிடும்?" என்று சிரித்தார் அவர்.

விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்து வெளியே கால் வைத்ததும் கண்டக்டர் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டார். மாலை ஐந்து மணி. வெயில் சாய்ந்திருந்தாலும் அனல் தரையிலிருந்து எழும்பிக் கால்சட்டைக்குள் ஏறியது. "யாரோ இன்ஜின் மூடியைத் திறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்க மச்சான்," என்றார். மாஸ்டர் சிரித்தார். நான்கு வருஷமாக அந்த ஊரில் அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை.

மாஸ்டரோடு அவர் தங்கியது எட்டுப் பேர் அறையில். அடுக்குக் கட்டில்கள் நான்கு, எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே குளியலறை, வாளி வைத்துத் தண்ணீர் பிடிக்க வேண்டிய ஒரு பழைய ஏசி. புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்கள். கண்டக்டர் மறுநாள் காலையே குளியலறை வரிசையில் நின்றுகொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க, இறங்கறவங்களுக்கு வழி விடுங்க," என்று தன் பழைய குரலில் ஆரம்பித்துவிட்டார். பாஷை புரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அறையிலும் சமையலறையிலும் அவர் பெயர் கண்டக்டர்தான்.

பாத்திரம் கழுவும் இடம் சமையலறைக்குப் பின்னால், ரயில் பெட்டி மாதிரி நீளமாக, ஜன்னல் இல்லாமல் இருந்தது. மேலே தகரக் கூரை. தட்டு கழுவும் இயந்திரத்தின் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஆவி பொங்கிக்கொண்டு வந்து முகத்தை மூடும். வெப்பத்தை வெளியே தள்ள வேண்டிய மின்விசிறி மாதத்தில் பாதி நாள் ஓடாது. காலை பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். அடுப்புக்கு முன்னால் நிற்பவர்களுக்காவது தலைக்கு மேல் குளிர்காற்றுக் குழாய் ஒன்று உண்டு. கழுவுமிடத்துக்கு அதுவும் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை கழிப்பறை. வாடிக்கையாளர்களுடையதை வேலைக்காரர்கள் தொடக்கூடாது. பின்கதவு வழியாக வெளியேறி, வண்டி நிறுத்துமிடத்தை வெயிலில் கடந்து, அடுத்த கட்டடத்தின் அடித்தளத்துக்கு இறங்க வேண்டும். போய்விட்டு வரக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் தட்டுகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்துவிடும். சூப்பர்வைசர் வந்து நின்றால் வாய் கொஞ்ச நேரத்தில் மூடாது. முதல் வாரத்தில் இரண்டு தடவை கண்டக்டர் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினார். மாஸ்டருக்கு அது தன்னைத் திட்டியது போலவே இருந்தது.

இரண்டாம் தடவை திட்டு வாங்கிய அன்று மாலை கடைக்குப் பின்னால் காலி எண்ணெய் டின்கள் மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் மாஸ்டர் அந்த யோசனையைச் சொன்னார். அவருடைய சொந்த யோசனைகூட இல்லை. அவர் வந்த புதிதில் அங்கிருந்த பழைய சமையல்காரர் சொல்லிக் கொடுத்தது.

"காலையில ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. அப்புறம் நாலு மணி வரைக்கும் தொடாதீங்க. நாக்கு வறண்டா வாயைக் கொப்பளிச்சுத் துப்பிடுங்க. நான் ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன் மாப்பிள்ளை. ஒண்ணும் ஆகாது."

"இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். பஸ்ல மட்டும் என்ன, நினைச்ச இடத்துல நிறுத்தவா முடியும்?" என்றார் கண்டக்டர்.

அதன்பிறகு அவர் வேலை நடுவே வெளியே போகவில்லை. சூப்பர்வைசர் ஒரு நாள் மாஸ்டரின் தோளைத் தட்டி, நல்ல ஆளைக் கொண்டுவந்தாய் என்றார். மாஸ்டர் அதைத் தங்கைக்குப் போன் போட்டே சொன்னார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

வெயில் காலம் ஏறியது. காலை எட்டு மணிக்கே பஸ் நிறுத்தத்தின் இரும்புப் பலகையில் கை வைக்க முடியாது. கண்டக்டருக்குக் கால்களில் தசை பிடித்து இழுக்க ஆரம்பித்தது. மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு பல்லைக் கடித்துக் காலை உதறுவார். மாஸ்டர் தன் பெட்டியிலிருந்த வலி மாத்திரைகளைக் கொடுத்தார். அட்டை தீர்ந்ததும் வேறு வாங்கிக் கொடுத்தார். ஒரு நாள் கண்டக்டர் அவரைத் தனியாக அழைத்து, சிறுநீர் கருப்புத் தேநீர் நிறத்தில் போகிறது என்றார். சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை.

உடம்புச் சூடுதான் மாப்பிள்ளை என்றார் மாஸ்டர். அந்த வாரம் முழுக்க விருந்துகளுக்கு இடம் பதிவாகியிருந்தது. அது முடியட்டும், டாக்டரிடம் போகலாம் என்றார். அது முடிந்ததும் வேறொரு விருந்து வந்தது. கழுவுமிடத்தில் இருந்த இன்னொரு ஆள் ஊருக்குப் போய்விட்டதால் கண்டக்டரை விட முடியவில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை, வாயில் இரும்பைச் சப்பிய மாதிரி இருக்கிறது என்று கண்டக்டர் சொன்னதும் உண்மை. பக்குவமாக ஏதாவது செய்து தருகிறேன் என்று மாஸ்டர் சமைத்துக் கொடுத்ததும் உண்மை. மூன்று வாரம் இப்படியே போனது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தட்டுகள் உடைகிற சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு அல்ல, ஓர் அடுக்கே சரிந்த சத்தம். மாஸ்டர் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். கண்டக்டர் ஈரத் தரையில் உட்கார்ந்த வாக்கில் சுவரில் சாய்ந்திருந்தார். முகம் வீங்கிக் கண்கள் கோடாகிவிட்டிருந்தன. சுற்றிலும் பீங்கான் துண்டுகள். "பாத்து வாங்க மச்சான், கால்ல குத்திடப் போகுது," என்றார்.

ஆஸ்பத்திரியில் நிறையக் குழாய்களும் சோதனைகளும் முடிந்த பிறகு ஒரு டாக்டர் வந்தார். பொறுமையான மனுஷர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன, வெப்பத்தில் உடம்பு திரும்பத் திரும்ப வற்றிப்போனதால் வருகிற கோளாறு இது, வலி மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம் என்று விளக்கினார். பிறகு கேட்டார், வேலை நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிப்பார் என்று.

மாஸ்டர்தான் மொழிபெயர்க்க வேண்டும். அவர் கேள்வியைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் கண்டக்டர், "நல்லாக் குடிப்பேன்னு சொல்லுங்க," என்றார். அவர் மாஸ்டரைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் அப்படியே சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கண்டக்டரை ஊருக்கு அனுப்பினார்கள். கூடப் போக மாஸ்டருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனால் கடையை யார் பார்ப்பது என்றார் முதலாளி. விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வைத்து யாரோ ஒரு பணிப்பெண் தள்ளிக்கொண்டு போனாள். கண்டக்டர் கையை மட்டும் தூக்கி, பஸ்ஸை எடுக்கச் சொல்லும் பாவனையில் இரண்டு தடவை ஆட்டினார். மாஸ்டர் வாசலிலேயே வெகுநேரம் நின்றார்.

அடுத்த எட்டு மாதமும் தங்கையிடம் எப்படிச் சொல்வது என்பதே அவருக்கு நினைப்பாக இருந்தது. வெங்காயம் நறுக்கும்போது ஒரு விதமாகச் சொல்லிப் பார்ப்பார், அடுப்பைத் துடைக்கும்போது வேறு விதமாக. எப்படிச் சொன்னாலும் கடைசியில் அந்த ஒரு டம்ளரில்தான் வந்து நின்றது. போனில் சொல்கிற விஷயம் அல்ல, நேரில் போய்க் காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

விடுப்பு கிடைத்துத் தங்கை வீட்டுக்குப் போனபோது மாப்பிள்ளை பாதியாகியிருந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். தங்கை ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அண்ணன் வந்ததும் அவளுக்கு ஏதோ பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. நீ இருக்கிற வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு நீயே கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டாள்.

இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். மாப்பிள்ளையின் கையிலிருந்து ரத்தம் ஒரு குழாயில் போய் இன்னொன்றில் திரும்பி வருவதை மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை போனபோது அவருக்குத் தாங்கவில்லை.

"நான்தான் மாப்பிள்ளை உங்களை இப்படிப் பண்ணிட்டேன். தண்ணி குடிக்காதீங்கன்னு நான்தான சொன்னேன். டாக்டர் கேட்டப்பவும் வாயைத் திறக்கல. இன்னிக்கு அவகிட்ட சொல்லிடப் போறேன்."

கண்டக்டர் கண்ணைத் திறந்தார். கோபம் இருக்கும் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்கு மறந்தா போச்சு? ஒவ்வொரு தடவை இந்த ஊசி ஏறும்போதும் நினைச்சுக்கறேன். திட்டிக்கூட இருக்கேன் உங்களை, மனசுக்குள்ள." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஆனா அவகிட்ட சொல்லாதீங்க. நான் இன்னும் எத்தனை நாளோ. எனக்கப்புறம் அவளுக்குன்னு இருக்கறது ஒரே ஒரு அண்ணன். அதையும் பிடுங்கிடாதீங்க."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். கண்டக்டர் கட்டிலில் கிடந்த கையால் அவர் முழங்காலைத் தட்டினார். "எனக்கு வாக்குக் குடுங்க மச்சான்."

கொடுத்தார். வேறென்ன செய்வார்?

மீதியிருந்த நாட்கள் அவருக்கு நரகமாக இருந்தன. தங்கை அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துத் தட்டில் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொள்வாள். அவர் துணிகளைத் துவைத்து, கிழிந்த சட்டைப் பையைத் தைத்துக் கொடுத்தாள். அந்த ஊரில் அண்ணன் மட்டும் பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால் அவரை யார் பார்த்திருப்பார்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மாஸ்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், விழுங்க முடியாது. மாப்பிள்ளை கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். வாக்குக் கொடுத்ததை நினைவுபடுத்துகிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

திரும்பிப் போகிற நாளில் தங்கை அவரை வழியனுப்பத் தெருமுனை வரை வந்தாள். மாப்பிள்ளையால் வாசல் வரைதான் வர முடிந்தது.

மாஸ்டர் மறுபடியும் அந்தத் தகிக்கிற நகரத்தில் அடுப்பு முன்னால் நின்றார். மாப்பிள்ளையின் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தார், அவரும் ஒரு குடும்பஸ்தர். மாஸ்டர் சூப்பர்வைசரோடு முட்டி மோதி, கழுவுமிடத்து ஆட்கள் மதியத்தில் இரண்டு தடவை வெளியே போய்வர அனுமதி வாங்கினார். அதற்காக அவரை யாரோ புகழ்ந்தபோது எழுந்து போய்விட்டார். பழைய மாஸ்டர் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் வழி சொல்கிறவர். இப்போது கத்தியை எப்படிப் பிடிப்பது என்று கேட்டால்கூட, வேறு யாரையாவது கேளுங்கள் என்று சொல்லிவிடுகிறார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலை நேரத்தில், பெரிய பாத்திரத்தில் உலை வைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. இயந்திரத்தில் படுத்திருக்கும்போதே இதயம் நின்றுவிட்டதாம். மாஸ்டரின் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது, முதலாளி வெளியூரில் இருந்தார். அது கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்குத் தோள் கொடுக்க வேண்டியவர் அன்று மதியம் இருநூறு பேருக்குச் சமைத்தார். உப்புச் சரியாக இருந்ததாகச் சொன்னார்கள்.

மூன்று வாரம் கழித்துத் தங்கை தானே கூப்பிட்டாள். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த நேரம். மாஸ்டர் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கச் சுவரின் கைப்பிடியளவு நிழலில் ஒண்டி நின்றார். அவள் நிதானமாகப் பேசினாள். அவர் சட்டைகளை ஒரு காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டேன், ஷூ மட்டும் யாருக்கும் பொருந்தவில்லை என்றாள். பெரிய மகள் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள் என்றாள்.

"உன்னைப் பத்திதான் அடிக்கடி பேசுவாருண்ணே. வேலையில்லாம உக்காந்திருந்தவனை மனுஷனாக்கினது மச்சான்தான்னு சொல்லுவாரு. உனக்கு அது தெரியணும்னுதான் கூப்பிட்டேன்."

மாஸ்டர் சுவரில் முதுகை அழுத்திக்கொண்டார். சுடுகிறது என்று தெரிந்தும் விலகவில்லை. சொல்லக்கூடாது என்று தடுத்தவர் இப்போது இல்லை. கொடுத்த வாக்குத்தான் இருந்தது.

"என்னண்ணே, ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லம்மா," என்றார். "இங்க வெயில் இந்த வருஷம் கொஞ்சம் ஜாஸ்தி."

"பாத்து இருண்ணே. உடம்பைக் கெடுத்துக்காதே. நீயாவது நல்லா இருக்கணும்."

சரி என்றார். அவள் வைக்கிற வரைக்கும் போனைக் காதிலேயே பிடித்திருந்தார். உள்ளிருந்து சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டார். மாலைக் கூட்டத்துக்கு இன்னும் ஒன்றுமே தயாராகவில்லை.