பவுசியாவுக்கு வந்த போன்

“கேக்குதாம்மா? பவுசியாதானே?”

“ஆமா சார்.”

சொன்னவள் ரஞ்சிதா. பொய் வாயை விட்டு வந்த பிறகுதான் பொய் என்று உறைத்தது. திருத்த மனம் வரவில்லை. பவுசியாவிடம் போன் கிடையாது. டிகிரி முடித்த பிறகுதான் போன் என்று அவள் அண்ணன் இக்பால் கறாராகச் சொல்லியிருந்தான். அதனால், கோடை விடுமுறையில் சென்னைக் கணித ஆராய்ச்சி நிலையத்தில் தங்கி ஆய்வு செய்யும் பெல்லோஷிப்புக்கு இருவரும் விண்ணப்பித்தபோது, இரண்டிலும் ரஞ்சிதாவின் நம்பரையே கொடுத்தார்கள். புதுக்கோட்டையில் அவர்கள் படித்த கல்லூரியில் பாதிப் பெண்களுக்குத் தோழியின் நம்பர்தான் சொந்த நம்பர்.

“மீன் வலையப் பத்தி எழுதியிருந்தீங்களே, எத்தன முடிச்சு அறுந்தா வலை ரெண்டாப் பிரியும்னு. பிரமாதம்மா! நாங்க எல்லாருமே படிச்சோம். ஒங்களத்தான் எடுத்திருக்கோம்.”

ரஞ்சிதா வராந்தாத் தூணோரம் ஒதுங்கினாள். பவுசியாவாக இருப்பது நன்றாகத்தான் இருந்தது. முன்பின் தெரியாத பெரிய வீட்டில் யாரோ கதவைத் திறந்து, உனக்காகத்தான் காத்திருந்தோம் என்று சொன்னதுபோல.

“சார், எங்க கிளாஸ்ல ரஞ்சிதான்னு ஒரு பொண்ணும் அனுப்பியிருந்தா…”

“அதுவா?” அவர் சிரித்தார். “நெட்லருந்து அப்படியே அள்ளிப் போட்டிருந்தாங்க. அத விடுங்க. நீங்க வர்றீங்கதானே?”

ரஞ்சிதாவுக்குக் காது மடல் சுட்டது.

“வீட்ல விட மாட்டாங்க சார்.”

“அப்பாகிட்ட நான் பேசட்டுமா?”

“ஐயோ வேணாம் சார். அடிப்பாரு.”

அவர் பெருமூச்சு விட்டார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பெயரைப் பார்த்தபோதே இந்தப் பதிலைப் பாதி எதிர்பார்த்திருப்பார் போலிருந்தது. “சரிம்மா. வெயிட்டிங்ல ஒரு பையன் இருக்கான், அவனக் கூப்பிட்டுக்கறோம்.”

ரஞ்சிதா அழவில்லை. கேண்டீனுக்குப் போய் ஒரு பப்ஸ் வாங்கித் தின்றாள். நல்ல பசி.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், ஆவுடையார்கோவில் வழியாக மீமிசல் போகும் பஸ்ஸுக்குப் பக்கத்தில் பவுசியா நின்றாள். கூடவே அவள் அத்தா கிபாயத்துல்லா. அவர் கையில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது டிராலிப் பெட்டி.

“வந்துச்சாடி?” என்றாள் பவுசியா.

“இல்லடி. நமக்கெல்லாம் எங்க குடுக்கப் போறாங்க.”

“ஒனக்குமா வரல?” பவுசியாவின் முகம் வாடியது. “ஒனக்காச்சும் கெடைக்கும்னு தொழுதேன்டி.”

கிபாயத்துல்லா பெட்டியைத் தரையில் வைத்தார். வலை முடைந்து காய்த்த விரல்கள்.

“நீதானாம்மா ரஞ்சிதா? எம்புள்ள வாயத் தொறந்தா ஒம்பேச்சுதான். இக்பாலு குதிச்சான், நான் ஒரே அதட்டுல ஒக்கார வச்சுட்டேன். பெட்டியும் வாங்கியாச்சு, அது எப்புடி வராமப் போவும்?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கென்னமோ, ராவுத்தர் வீட்டுப் பொண்ணு, வெளியூருக்கு அனுப்ப மாட்டாகன்னு அவுகளா நெனச்சுக்கிட்டு நிறுத்தி வச்சிருப்பாகளோன்னு இருக்கு. எனக்குப் பேச வராது. இவ பயந்து சாவா. அந்த ஆபீஸுக்கு நீயே ஒரு போனப் போட்டு, அத்தாவுக்குச் சம்மதம், அவரே கொண்டாந்து விடுவாருன்னு ஒரு வார்த்த சொல்லிரும்மா. இப்பவே போடு, பஸ் எடுக்க நேரமிருக்கு.”