அக்கரைக்காரர்கள் ஐந்து வாங்கிய அன்று

ஒன்றும் இல்லாத கால்பந்து கிளப் தோற்றால் எனக்குக் கோபம் வராது. பன்னிரண்டு ஆட்டக்காரர்களும் ஓட்டை வலையுமாக இருப்பவர்கள் தோற்பார்கள், அது இயற்கை. எங்கள் விக்டோரியா ஹோல்டர்பெக் அப்படிப்பட்டதல்ல. அறுபத்தோராயிரம் பேர் கொள்ளும் அரங்கம் எங்களுடையது. மழையிலும் பனியிலும் அது நிறைகிறது. கால்வாய்க்கரைத் திடலில் பந்து பழகிய எங்கள் பையன்கள் இன்று ஐந்து நாடுகளில் கோப்பை தூக்குகிறார்கள். இத்தனையையும் வைத்துக்கொண்டு ஏழு ஆண்டுகளாக இரண்டாம் பிரிவில் கிடக்கிறோம். மார்ச் மாதம் பட்டியலில் இரண்டாம் இடம். மே மாதம் நான்கு அல்லது ஐந்து. மேலே ஏறுவது முதல் இரண்டு அணிகள்தான். ஏழு முறையும் இதே கதை.

போன மே மாதம் கடைசி ஆட்டத்தில் வென்றால் போதும் என்ற நிலை. எதிரே வந்தது ஒரு சிற்றூர் அணி. அந்த ஊர் முழுவதையும், நாங்கள் நின்று ஆட்டம் பார்க்கும் தெற்கு மேடையில் ஏற்றினாலும் இடம் மிஞ்சும். ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். தெற்கு மேடை அழுதது. பிறகு பாடியது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அடுத்த ஆண்டுச் சீட்டைப் புதுப்பிக்க வரிசை நின்றது. அதில் நானும் நின்றேன்.

எங்கள் தலைவர் ஹாசன்காம்ப் ஆறு கிளைகள் உள்ள மரச்சாமான் கடைக்காரர். ஏழு ஆண்டுகளில் ஒன்பது பயிற்சியாளர்களை மாற்றியவர். திடலில் வளர்ந்த பையன்களை இருபது வயது ஆவதற்குள் விற்றுவிட்டு, முப்பத்து மூன்று வயதில் முழங்கால் தேய்ந்தவர்களை வாங்கியவர். ஆனால் எங்கள் கிளப்புக்கு முதலாளி கிடையாது, உறுப்பினர்கள்தான் உரிமையாளர்கள். ஒவ்வொரு நவம்பரிலும் பொதுக்கூட்டம் நடக்கும். கடந்த ஆண்டு நிர்வாகம் ஒழுங்காக நடந்தது என்று உறுப்பினர்கள் வாக்களித்து ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் அன்று மாலையே விலகுவதாக இந்த முறை ஹாசன்காம்ப் வானொலியில் தானே சொல்லிவிட்டார். யாரும் மறுக்கமாட்டார்கள் என்ற தைரியம்.

இந்தத் தடவை மறுத்துவிடுவது என்று நாங்கள் முடிவு செய்தோம். எக்கார்ட்தான் ஆள் திரட்டினான். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். தெற்கு மேடையில் இருபத்தாறு ஆண்டுகளாக என் வலப்பக்கம் நிற்பவன். முந்நூற்று ஐம்பது பேரிடம் கை அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தான்.

அக்டோபரில் ஒரு நாள், ஆட்டத்தின் இடைவேளையில் என்னிடம் திரும்பினான்.

"மெக்டில்ட், கூட்டத்துல நீதான் பேசணும்."

"எனக்குப் பேச வராது."

"அதனாலதான் சொல்றேன். நான் மைக்கப் புடிச்சா கெட்ட வார்த்தையா கொட்டும், ரெண்டாவது நிமிஷம் புடுங்கிடுவானுங்க. நீ யாரு? ஊமைச்சாமி. கோல் போட்டாக்கூட 'ம்'னுதான் சொல்லுவ. நீ வாயத் தெறந்தா ஊரே திரும்பிப் பாக்கும்."

"என்னத்தச் சொல்ல?"

"இத்தன புத்தகம் படிக்கிறல்ல, ஒண்ணும் தோணாதா?"

நீர்வாரிய ஆய்வகத்தில் நாள் முழுவதும் யாரோடும் பேசாமல் வேலை பார்ப்பவள் நான். எட்டு நாள் யோசித்தேன். அடுத்த ஆட்டத்துக்குப் போனபோதுதான் வழி கிடைத்தது.

ஆட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் அணியை அறிவிப்பார்கள். அறிவிப்பாளர் ஆட்டக்காரரின் முதல் பெயரை மட்டும் சொல்வார். குடும்பப் பெயரை அரங்கம் முழுவதும் ஒரே குரலில் கத்தும். குழந்தைகூடக் கத்தும். கத்தாதவள் நான் ஒருத்திதான்.

எக்கார்டின் காதருகே சொன்னேன். "பதினோரு பேரு. நாம வளத்து, ஹாசன்காம்ப் வித்த பசங்க. கோல்கீப்பர்லேர்ந்து வரிசையா ஒரு முழு அணி. நான் முதல் பேர மட்டும் சொல்றேன். மீதிய நீங்க கத்துங்க."

எக்கார்ட் வாயில் வைத்த பீரை விழுங்க மறந்தான்.

"அடிப்பாவி," என்றான் பிறகு. "இதுக்குத்தான் இத்தன வருஷம் பேசாம இருந்தியா? முந்நூத்தம்பது தொண்டை. அப்ப அவன் மூஞ்சியப் பாக்கணும். பாத்துட்டே சாவணும் நான்."

கூட்டம் நவம்பர் மூன்றாம் ஞாயிறு, பொருட்காட்சி மண்டபத்தில். நுழையும்போது ஆளுக்கு ஒரு பச்சை அட்டையும் ஒரு சிவப்பு அட்டையும் கொடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்குத் தொடக்கம். கிளப் பாட்டு, அந்த ஆண்டு இறந்துபோன உறுப்பினர்களுக்கு ஒரு நிமிட மௌனம், ஐம்பது ஆண்டு உறுப்பினர்களுக்குப் பதக்கம். அதன்பின் ஹாசன்காம்ப் அரங்கத்தின் புதிய கூரையைப் பற்றி ஐம்பது நிமிடம் பேசினார். கூரை! தண்ணீர் ஒழுகியது எங்கள் தற்காப்பில்; அவர் கூரையைப் பற்றிப் பேசினார். தெற்கு மேடைக்காரர்கள் இடப்பக்கம் மொத்தமாக உட்கார்ந்து சீட்டியடித்தார்கள். முந்நூற்று ஐம்பதுக்கும் மேல் இருந்தார்கள். எண்ணிப் பார்த்து என் வயிறு குளிர்ந்தது. பேச்சாளர் பட்டியலில் நான் பத்தொன்பதாவது.

மூன்றரை மணிக்கு எக்கார்டின் கைப்பேசி துடித்தது.

"அக்கரைக்காரனுங்க ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு," என்றான்.

கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக் கிளப்பின் பெயரை எங்களில் யாரும் உச்சரிப்பதில்லை. எங்களுடையதில் பாதிகூட இல்லாத அரங்கம் அவர்களுக்கு. உறுப்பினர்களும் எங்களுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் முதல் பிரிவில் மூன்றாம் இடத்தில் இருக்கிறார்கள். வசந்தகாலத்தில் இத்தாலிக்கும் போர்த்துகலுக்கும் போய் ஆடிவிட்டு வருகிறார்கள். எங்கள் திடலில் வளர்ந்த இரண்டு பேர் அவர்கள் சட்டையில் ஆடுகிறார்கள்.

எட்டு நிமிடம் கழித்து முன்கூடத்திலிருந்து ஒரு முழக்கம் வந்தது. பீர் விற்கும் மேடைக்கு மேலே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு வாங்கிட்டானுங்க!" என்று யாரோ உள்ளே ஓடிவந்து சொன்னான். இடப்பக்கத்திலிருந்து இருபது பேர் எழுந்தார்கள்.

"எக்கார்ட், இப்ப பதினோராவது ஆள் பேசிட்டிருக்காரு," என்றேன்.

"ரெண்டே நிமிஷம். மூஞ்சியப் பாத்துட்டு வந்துடறேன்."

"யார் மூஞ்சிய?"

"அவனுங்க பயிற்சியாளன் மூஞ்சிய."

"போகாத."

"இங்கதானம்மா இருக்கேன், கதவுக்கு அந்தப் பக்கம்."

இரண்டாவது முழக்கத்தில் ஐம்பது பேர் எழுந்தார்கள். பதினான்காவது பேச்சாளர் பாதியில் நிறுத்திவிட்டு அவரும் வெளியே போனார். அவருக்குப் பின்னால் பட்டியலில் இருந்த நான்கு பேரைக் கூப்பிட்டார்கள், யாரும் வரவில்லை. நான் எக்கார்டுக்கு நான்கு முறை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. இடப்பக்கம் கோட்டுகளும் கழுத்துத் துண்டுகளும் நாற்காலிகளில் தனியாக உட்கார்ந்திருந்தன.

"மெக்டில்ட் ஃபெல்டோஃப் அவர்கள்," என்று மேடையிலிருந்து அழைத்தார்கள்.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அப்போது பட்டியல் முடிந்து வாக்கெடுப்பு வந்துவிடுமே என்ற பயத்தில் மேடைக்குப் போனேன். மைக் என் உயரத்துக்கு மேலே இருந்தது. ஹாசன்காம்ப் தாமே எழுந்து வந்து தாழ்த்திவைத்தார்.

"நாங்க வளத்த பிள்ளைங்க," என்றேன். "டோர்பென்..."

"ஷ்லூட்டர்," என்று பின்வரிசையில் ஏழெட்டுப் பேர் சொன்னார்கள். அவர்களுக்கே வெட்கமாக இருந்தது போலும், கடைசி எழுத்து உதட்டோடு நின்றுவிட்டது.

"யூனுஸ்..."

"காரபுலுட்." இந்த முறை நான்கு பேர்.

"ஃபின்..."

கதவுக்கு வெளியே மண்டபமே அதிரும்படி ஒரு முழக்கம் எழுந்தது. நான் காத்திருந்த குரல் அதுதான். அதே தொண்டைகள், அதே எண்ணிக்கை. நான் கூப்பிட்ட பையனின் பெயர்தான் அதில் இல்லை. நான் நின்றுவிட்டேன்.

ஹாசன்காம்ப் தன் மைக்கின் பக்கம் குனிந்து, "மூணு வாங்கிட்டாங்க, மேடம்," என்றார்.

சபை சிரித்தது. கை தட்டியது. பதக்கம் வாங்கிய கிழவர்கள் காலால் தரையில் தட்டினார்கள். என் உதடும் விரிந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை. நாற்பது வருடப் பழக்கம். அக்கரைக்கு அடி விழுந்தது என்று கேட்டால் எனக்குள் ஏதோ ஒன்று என்னைக் கேட்காமல் துள்ளுகிறது. அதை அடக்கிவிட்டு நிமிர்வதற்குள் சபை என் கையை விட்டுப் போயிருந்தது. ஃபின் தொடங்கி மிச்சம் ஒன்பது பெயர்களையும் நானே முழுதாகச் சொன்னேன். ஆய்வக அறிக்கை வாசிப்பதைப் போல இருந்தது. நன்றி என்று சொல்லி இறங்கினேன்.

"அடுத்த பேச்சாளர்கள் யாரும் சபையில் இல்லாததால் வாக்கெடுப்புக்குப் போகிறோம்," என்றார் கூட்டத்தை நடத்தியவர். விதிப்படி கதவுகளை மூடினார்கள். வாக்கெடுப்பு முடியும்வரை யாரும் உள்ளே வர முடியாது. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது தட்டுவார்கள், உதைப்பார்கள், சண்டை வரும், வாக்கெடுப்பு தள்ளிப்போகும். ஒருவரும் தட்டவில்லை. வெளியே பாடிக்கொண்டிருந்தார்கள்.

பச்சை அட்டை தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று. சிவப்பு தொள்ளாயிரத்து இரண்டு. முப்பத்தொன்பது வாக்கில் ஹாசன்காம்ப் பிழைத்தார்.

கதவு திறந்ததும் எக்கார்ட் முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக வந்தான். இரண்டு கையிலும் பீர். ஒன்று எனக்கு.

"அஞ்சு! அஞ்சுக்கு சைபர்! கடைசி கோல் அவனுங்க ஆளே போட்டுக்கிட்டான். ஐயோ, நீ பாக்கலியே! எப்ப பேசப் போற?"

"பேசிட்டேன்."

"என்னது?"

"ஓட்டும் முடிஞ்சுது. முப்பத்தொம்போதுல தோத்துட்டோம்."

அவன் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்தில் நின்று, பிறகு மெல்ல இறங்கியது.

"என்னக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"நாலு தடவ கூப்பிட்டேன்."

"அப்ப... படம் புடிச்சிட்டிருந்தேன்."

அந்த நேரம் ஹாசன்காம்ப் எங்களைக் கடந்து போனார். எக்கார்டின் கையிலிருந்த கோப்பையைப் பார்த்து ஐந்து விரலை விரித்துக் காட்டினார். எக்கார்ட் தன்னையறியாமல் கோப்பையைத் தூக்கினான். தூக்கிய பிறகு என்னைப் பார்த்தான்.

திட்ட வேண்டும் போல இருந்தது. இத்தனை ஆண்டுகளாகப் பயிற்சியாளர்களை, நடுவர்களை, மரச்சாமான் கடைக்காரரைத் திட்டியிருக்கிறோம். ஐந்து வாங்கிய பிறகும் அக்கரைக்காரர்கள் முதல் பிரிவில் மூன்றாம் இடத்தில்தான் இருக்கிறார்கள். அதைப் பார்த்துக் களிக்கப் போனவர்களின் கோட்டுகள் நாற்காலியில் காத்திருக்க, எங்கள் ஏழு ஆண்டுகள் எட்டாகின. எங்களைத் தூக்கிவிடும் ஆசை எங்களுக்கே இல்லை. அடுத்த கரை சறுக்கினால் போதும். ஹாசன்காம்புக்கு இது தெரியும். கூட்டத் தேதியை அவர்தான் குறித்தார்.

நான் முன்கூடத்து மேசைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அடுத்த கூட்டத்துக்கான தீர்மானப் படிவம் ஒன்று கேட்டேன்.

"ஐம்பது கையெழுத்து வேணும் மேடம்," என்றாள்.

நின்றபடியே எழுதினேன்: பொதுக்கூட்டம் நடக்கும் நாளில் இந்தக் கட்டடத்துக்குள் எந்த ஆட்டத்தையும் ஒளிபரப்பக் கூடாது. எக்கார்டின் பக்கம் திருப்பிவைத்துப் பேனாவைக் கொடுத்தேன்.

அவன் இரண்டு முறை படித்தான்.

"சரிதான்," என்றான். "ரொம்பச் சரி. இன்னிக்கு நான் பண்ணினது மடத்தனம். ஒத்துக்கறேன்."

"போடு."

பேனா முனை காகிதத்துக்கு மேலே நின்றது.

"மெக்டில்ட்... அடுத்த வருஷம் எட்டு வாங்கினானுங்கன்னா?"

விளையாடுகிறானா என்று அவன் முகத்தில் தேடினேன். இல்லை, நிஜமாகவே கேட்டான். எனக்குக் காத்திருக்கத் தெரியும், காத்திருந்தேன். என் தோளுக்கு மேலே தொலைக்காட்சியில் ஐந்தாவது கோலை மறுபடி காட்டினார்கள் போலும். அவன் கண் அங்கே போயிற்று.

அவன் கையின் அடியிலிருந்து காகிதத்தை உருவிக்கொண்டேன். முதல் வரியில் என் பெயரை எழுதினேன். பொரித்த சாசேஜுக்கு நின்ற வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. அதன் கடைசியில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் போய், அன்று இரண்டாம் முறையாகப் பேசத் தொடங்கினேன்.